காய்ச்சல் எங்கே ஒளிந்திருந்தது?

விடியற்காலை நாலு மணிக்குக் கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் கேட்டால், அத்தை எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அது வைகாசி மாதம். எங்கள் சோழவந்தானில் ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கிற சமயம். விரதத்துக்காகத்தான் அத்தை இருட்டோடு குளித்து, துவைத்து, காயப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள்ளே எனக்குச் சந்தோஷம்கூட. ஒரு வேலை மிச்சம் பாருங்கள்!

கொடியில் தினமும் இரண்டு ரவிக்கைகள் தொங்கும். முந்தின நாள் உடுத்தியது ஒன்று. சரி, இன்னொன்று ஏது? இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரக் கதையையும், அதற்குப் பிறகு நடந்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது ஐம்பத்தெட்டு. எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. பறித்து வந்த இலையை வகை பிரித்து, அடுக்கி, கவுளி கட்டுவதில் அத்தையின் கைக்கு ஈடு கிடையாது. பேசிக்கொண்டே கட்டுவார், எண்ணிப் பார்த்தால் ஒரு இலை கூடாது, குறையாது. அப்படிப்பட்டவர் சாயங்காலம் ஆனால் அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்.

"என்ன அத்தை, உடம்புக்கு ஆகலையா?"

"ஒண்ணுமில்ல தாயி. கண்ணு எரியுது. வெயில்ல போயிட்டு வந்தது."

நெற்றியைத் தொட்டால் சுட்டது.

எல்லாம் நார்மல்!

முதலில் நிலவேம்புக் கஷாயம். பிறகு பாரசிட்டமால். பிறகு பக்கத்தில் ஒருவரிடம் ஊசி. ஊசி போட்டால் மூன்று நாளைக்கு அத்தை பழைய அத்தைதான். நாலாம் நாள் பொழுது சாயும்போது காய்ச்சல் திரும்பி வந்துவிடும். அது என்ன ஊசி என்று நாங்கள் கேட்கவில்லை; அவரும் எழுதித் தரவில்லை.

டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை என்று ரத்தப் பரிசோதனைகள் சொல்லின. மார்பு எக்ஸ்-ரேயும் சுத்தம். ஒவ்வொரு தாளாக வாங்கி வந்து என் வீட்டுக்காரர், "எல்லாம் நார்மல்" என்பார். எல்லாம் நார்மல் என்றால் இந்தக் காய்ச்சல் எங்கேயிருந்து வருகிறது?

அவரவருக்கு ஒரு காரணம். உடம்புச் சூடு என்றார்கள், தண்ணி மாறினது என்றார்கள், கண்ணேறு என்று சூடம் சுற்றிப் போட்டார்கள். இதற்குள் அத்தையின் ரவிக்கைகளை நான் இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டேன். உடம்பு அவ்வளவு இளைத்துவிட்டது.

நான் செய்த ஒரே நல்ல காரியம், பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் காலை, மாலை, இரவு என்று தெர்மாமீட்டர் அளவைக் குறித்து வைத்தது. காலையில் 98.6. மாலை ஆறு மணிக்கு 101. சில நாள் 102. பக்கம் பக்கமாக இதே கதைதான்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

ஐந்தாவது வாரம் மதுரைக்குக் கிளம்பினோம். என் கொழுந்தனார் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்: "தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிரும்ல, அண்ணி?" நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் பார்த்த டாக்டரம்மா ஸ்கேன் பேச்சையே எடுக்கவில்லை. என் பால் நோட்டை வாங்கி, ஒரு வரி விடாமல் பார்த்தார். பிறகு ஆண்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அத்தையைப் பரிசோதித்தார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடிப்புறம், இடுப்பில் புடவை கட்டுகிற இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அத்தை கூச்சத்தில் நெளிந்தார்.

"கொடிக்கால், புல், புதர்ப் பக்கம் வேலை செய்யறவங்களுக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிச்சு 'ஸ்க்ரப் டைபஸ்'னு ஒரு காய்ச்சல் வரும்மா. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா பொருக்கு இருக்கும். மறைவான இடத்துலதான் பெரும்பாலும் இருக்கும். எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. கண்ணாலதான் பார்க்கணும்" என்றார்.

அப்படி ஒன்றும் இல்லை. அடுத்ததாகக் கேட்டார்: "ராத்திரி வேர்க்குதா?"

அத்தை என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "நனைஞ்சு போயிருதும்மா. ரவிக்கையைப் பிழிஞ்சா தண்ணி வரும். இவளுக்கு ரெண்டு பிள்ளைக, வேலை கெடக்கு. தெரிஞ்சா பயந்துக்கிருவான்னு விடியறதுக்குள்ள அலசிப் போட்டுருவேன்."

கொடியில் தொங்கிய இரண்டாவது ரவிக்கையின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலுக்கு வைத்திய சாஸ்திரத்தில் தனி இலக்கணமே இருக்கிறதாம். 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 100 நோயாளிகளை ஆராய்ந்து வகுத்தது அது. 101 டிகிரி அளவுக்குப் பலமுறை ஏறி, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதித்தும் காரணம் பிடிபடாத காய்ச்சல் என்றார்கள். 1991-ல் அந்த ஒரு வாரத்தை மூன்று நாளாகவோ, வெளிநோயாளியாக மூன்று முறை வந்து பார்ப்பதாகவோ சுருக்கிக்கொண்டார்கள். கிருமித் தொற்று, புற்றுநோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் வாத வகை நோய்கள் ஆகிய மூன்றும்தான் முக்கியமான காரணங்கள். நம் நாட்டில் தொற்று முன்னால் நிற்கும், அதிலும் காசநோய்.

"மார்பு எக்ஸ்-ரே சுத்தமாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"டி.பி. நுரையீரல்ல மட்டுமா வரும்? நெறி, குடல், முதுகெலும்பு, கர்ப்பப்பைன்னு எங்கே வேணும்னாலும் ஒளிஞ்சுக்கும்" என்றார்.

உள்ளே பார்க்கும் கண்கள்

உடம்பைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கலாம் என்று உலகத்துக்கு முதலில் தெரிந்தது 1895-ல். ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்து, தம் மனைவியின் கையையே படம் எடுத்தார். விரல் எலும்புகளும் அதில் கிடந்த மோதிரமும் தெரிந்தன. 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன், ஒரு பெண்மணியின் மூளையை வாழைத்தண்டு வில்லை மாதிரி அடுக்கடுக்காகக் காட்டியது. 1979-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கு நல்லது. கல்லீரலில் சீழ்க்கட்டி, பித்தப்பை, சிறுநீரகம் என்றால் அல்ட்ரா சவுண்டு போதும். கதிர்வீச்சே கிடையாது, கர்ப்பிணிக்கும் செய்யலாம். ஆனால் குடலில் வாயு நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துபோகும். இருதய வால்வில் கிருமி தங்கியிருக்கிறதா என்று எக்கோவில் பார்ப்பார்கள். முதுகெலும்பு, மூளை என்றால் எம்.ஆர்.ஐ. எந்த இடம் என்று தெரிந்தால், எந்த ஸ்கேன் என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

அத்தைக்கு எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை! அல்ட்ரா சவுண்டில் ஒன்றுமில்லை. எக்கோவில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்தும் இல்லை. ஈ.எஸ்.ஆர். மட்டும் 98 என்று எகிறி நின்றது. 'உள்ளே எங்கேயோ நெருப்பு இருக்கிறது' என்பதற்கு அது அடையாளம். எந்த அறையில் என்று அது சொல்லாது.

அப்போதுதான் டாக்டரம்மா பெட் சி.டி. ஸ்கேன் என்றார். "இப்போ கேக்கறதுல அர்த்தம் இருக்கு" என்றும் சொன்னார்.

அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. கதிரியக்கம் உள்ள ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரையை நரம்பில் ஏற்றுகிறார்கள். தொற்று இருக்கிற இடத்திலும் புற்றுநோய் இருக்கிற இடத்திலும் உயிரணுக்கள் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த இடங்கள் படத்தில் விளக்கேற்றியதுபோல் தெரியும். மனிதர்களுக்கு இந்தச் சர்க்கரையை முதலில் செலுத்திப் பார்த்தது 1976-ல், அமெரிக்காவில். இன்று மதுரையிலேயே இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள்.

தாலியும் மெட்டியும்

ஸ்கேனுக்கு முந்தின நாள் கடுமையான வேலை கூடாது. ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்; வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் படம் தெளிவாக விழாது. அத்தைக்கு அந்தக் கவலை இல்லை.

வேறு கவலை வந்தது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். மூக்குத்தி கழன்றுவிட்டது. நாற்பது வருஷமாகக் கழற்றாத மெட்டியைத் தேங்காய் எண்ணெய் தடவி, உருட்டி உருட்டி எடுத்தேன். தாலிக்கொடி என்றதும் அத்தை மறுத்துவிட்டார்.

"அவுக குத்துக்கல்லாட்டம் இருக்கையில என் கழுத்து வெறுங்கழுத்தா கெடக்கணுமா? எனக்கு ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணி கழித்து, கோயில் பக்கத்துக் கடையிலிருந்து மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்தார். சாமி படத்துக்கு முன்னால் அத்தையை நிறுத்தி, அவரே கட்டினார். பிறகுதான் தங்கம் கழுத்தைவிட்டு இறங்கிற்று. எத்தனையோ குடும்பங்களில் பெண்கள் இதற்காகவே ஸ்கேனையும் ஆபரேஷனையும் தள்ளிப்போடுகிறார்கள். மஞ்சள் கயிறு எந்த மிஷினையும் கெடுக்காது, சகோதரிகளே!

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுக்க வைத்தார்கள். பிறகு மிஷினுக்குள் அரை மணிக்கும் குறைவுதான். வலி எதுவும் இல்லை. அன்றைக்கு முழுதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்; சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்கக் கூடாது. அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். வீட்டுக்கு வந்ததும் அத்தை திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் சின்னவன் "அப்பத்தா" என்று கதவுக்கு இந்தப் பக்கம் அழ, அத்தை அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு படம், இரண்டு பெயர்கள்

ரிப்போர்ட் வந்தது. வயிற்றுக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நெறிகள் வீங்கி ஒளிர்கின்றன. இடது காறை எலும்புக்குப் பின்னாலும் ஒன்று. கடைசி வரியில், "காசநோயாக இருக்கலாம், லிம்ஃபோமாவாகவும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தது.

லிம்ஃபோமா என்றால் நெறியில் வரும் புற்றுநோய். வீடே வாயடைத்துப் போயிற்று. இவ்வளவு பணம் செலவழித்து எடுத்த ஸ்கேன், இதுவா அதுவா என்று சொல்லாதா?

சொல்லாதாம்! இரண்டுமே சர்க்கரையை இழுக்கும். இரண்டுமே ஒரே மாதிரி ஒளிரும். "ஸ்கேன் 'எங்கே'ன்னு காட்டும்மா. 'என்ன'ன்னு சொல்ல, அந்த நெறியிலேருந்து துளி சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

அதுதான் பயாப்ஸி. உடனே ஆலோசனைகள் கிளம்பின. "ஊசி குத்தினா கட்டி பரவிரும்" என்று சின்ன மாமனார் தடுத்தார். "டி.பி. மாத்திரையையே குடுத்துப் பாத்துரலாமே" என்றார் தெரிந்தவர் ஒருவர். டாக்டரம்மா இரண்டையும் மறுத்தார். லிம்ஃபோமாவாக இருந்து டி.பி. மாத்திரை கொடுத்தால், கை நழுவிப் போகிற ஒவ்வொரு வாரமும் நஷ்டம். டி.பி.யாக இருந்தாலும், கிருமியைப் பிடித்தால்தான் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்க முடியும். ஊசி குத்துவதால் பரவும் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை.

பழைய ஊசியைப் பற்றியும் அப்போதுதான் கேட்டார். "ஸ்டீராய்டா இருந்திருக்கலாம். அது காய்ச்சலைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். ஸ்கேன்லயும் பயாப்ஸியிலயும் நோயை மறைச்சுக்கூடப் போடும். நல்ல வேளை, நிறுத்தி நாளாச்சு" என்றார்.

அன்று இரவு அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, பீரோ சாவியைக் கையில் வைத்தார். "கமிஷன் கடைக்காரன் நாப்பது கவுளிக்குப் பணம் தரணும். உங்க மாமாவுக்குக் கேக்கத் தெரியாது. நீதான் கேட்டு வாங்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே கேட்டு வாங்குவீங்க, அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

மறுநாள் பயாப்ஸிக்குச் சம்மதம் சொன்னது அத்தைதான். "எதுன்னு தெரியட்டும். தெரியாமக் கெடக்கறதுதான் ரெண்டு மடங்கு நோவு" என்றார்.

பெட் ஸ்கேன் இங்கேதான் தன் அருமையைக் காட்டியது. வயிற்றுக்குப் பின்னால் ஆழத்தில் ஊசியை இறக்க வேண்டியிருக்கவில்லை. கையில் தட்டுப்படாமல் காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தச் சின்ன நெறியை அது காட்டிக் கொடுத்திருந்ததே! மரத்துப்போகும் மருந்து கொடுத்து, அல்ட்ரா சவுண்டில் பார்த்துக்கொண்டே சதைத்துணுக்கு எடுத்தார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சில நாளில் முடிவு வந்தது. காசநோய். கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் சோதனையிலும் அதுவே. முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமி. டி.பி. என்று கேட்டுவிட்டுக் கற்பூரம் ஏற்றிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்!

ஆறு மாதம்

மருந்து ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் அத்தை கலங்கிவிட்டார். அது மருந்தின் நிறம்தான். கண் மஞ்சளித்தால், வாந்தி நிற்காவிட்டால் உடனே வரச் சொன்னார்கள். சத்துணவுக்கென்று மத்திய அரசு 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். அத்தை அதில் முட்டையும் சுண்டலும் வாங்கச் சொன்னார்.

"தனித்தட்டு வைத்துவிட்டாயா?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. நெறியில் இருக்கும் டி.பி. மற்றவருக்குத் தொற்றாது. நுரையீரல் டி.பி.கூட இருமலில் காற்று வழியாகப் பரவுமே தவிர, தட்டிலும் டம்ளரிலும் பரவாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆராய்ச்சி, சானடோரியத்தில் வைத்துப் பார்த்தவர்களையும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம். அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று உலகத்துக்கே சொன்னது. நம் சென்னை சொன்னதை நம் வீட்டிலேயே நம்ப மாட்டேன் என்றால் எப்படி?

மூன்றாவது வாரம் பால் நோட்டில் மாலைக் கணக்கு 98.6 என்று விழுந்தது.

உங்களுக்கும் உதவலாம்

பெரும்பாலான காய்ச்சல்கள் ஒரு வாரத்தில் போய்விடும். அவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம். மூச்சுத் திணறல், பிதற்றல், கழுத்து விறைப்பு, ரத்தக்கசிவு, சிறுநீர் குறைவது இவற்றில் எது இருந்தாலும், கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ காய்ச்சல் என்றாலும், நாள் எண்ணாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காய்ச்சல் நீடித்தால் நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். போட்ட ஊசி, சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். இரவு வேர்வை, எடை குறைவு, முதுகுவலி, வெள்ளைப்படுதல், எதையும் "இது என்ன பெரிய விஷயம்" என்று மறைக்காதீர்கள். கர்ப்பம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரேக்கும் சி.டி., பெட் ஸ்கேனுக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பெட் ஸ்கேன் பல ஆயிரம் ரூபாய் சமாசாரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தப் பரிசோதனைக்கு உதவி கிடைக்கும் என்று அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். அல்ட்ரா சவுண்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், நம் பழைய பெரியாஸ்பத்திரியில், இருக்கின்றன. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. மனம் தளர வேண்டாம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் காய்ச்சல் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு.

இப்போது அத்தை பழையபடி கவுளி கட்டுகிறார். அந்த நாற்பது கவுளிப் பணத்தையும் தாமே நேரில் போய் வாங்கி வந்துவிட்டார். விடியற்காலையில் கிணற்றடிச் சத்தம் கேட்டால் மட்டும் நான் சும்மா இருப்பதில்லை. எழுந்து போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரே ஒரு ரவிக்கைதான் தொங்குகிறது.